கரிசல் மைதானமும் நமது ஹாக்கி அணியும்

மலர்க்குழுத் தம்பிமார் இரண்டு பேர் போன மாதம் கழுகுமலைக்கு வீடு தேடி வந்து, "அண்ணாச்சி, நம்ம காலேஜ் ஹாக்கி டீம் சரித்திரத்தை நாலு பக்கம் எழுதித் தரணும். பழைய ஆளுக நீங்கதான் இருக்கீங்க" என்று கேட்டார்கள். சந்தோஷமாகச் சரி என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போன பிறகு உட்கார்ந்து யோசித்தால், கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எங்கள் காலத்து குரூப் போட்டோ கல்லூரி அலுவலகச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளையடிக்க இறக்கியவர்கள் திரும்ப மாட்டவில்லை. ஆகவே இது ஞாபகத்தில் இருந்து எழுதுகிற சரித்திரம். பிழை இருந்தால் ரீயூனியன் அன்றைக்கு நேரில் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்குக் கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும்தான். கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனால் ஹாக்கி ஆடுகிறவர்களிடம் போய்க் கோவில்பட்டி என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். 'ஹாக்கிபட்டி' என்று செல்லமாகச் சொல்கிறவர்களும் உண்டு. இந்த ஆட்டம் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு நம் நாட்டுக்கு வந்தது. கல்கத்தாவில் 1895-லேயே பெய்ட்டன் கோப்பை ஆடியிருக்கிறார்கள். 1925-ல் இந்திய ஹாக்கி சம்மேளனம் உண்டாகி, 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கியாயிற்று. அதிலிருந்து 1956 வரை தொடர்ச்சியாக ஆறு தங்கம். அந்த அலை அடித்த காலத்தில், மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் விதைக்கிற நம் வறண்ட சீமைக்கு ஹாக்கி ஏன் இவ்வளவு ஒட்டிக்கொண்டது என்று கேட்டால், எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். நம்மிடம் தண்ணீர் கிடையாது, காசு கிடையாது, பொட்டல் ஏராளம். ஒரு பந்தும் ஆளுக்கொரு கம்பும் இருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம்.

கம்பு என்று சும்மா சொல்லவில்லை. கழுகுமலையில் மலையடிவாரத்துப் பொட்டலில் நாங்கள் ஆடியது கருவேலங்கம்பில்தான். நுனி வளைந்த கிளையாகப் பார்த்து வெட்டி, முள்ளைச் சீவி, பட்டையை உரித்துக் காயவைப்போம். மேலே வெட்டுவான்கோயிலைப் பார்க்க வெளியூர் ஆட்கள் ஏறிப்போவார்கள். ஆயிரத்திருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரே பாறையை உச்சியிலிருந்து கீழாகக் குடைந்த கோயில், முடிக்காமல் பாதியில் நிற்கிறது. நாங்கள் கீழே நின்று, "பந்து வருது, ஒதுங்குங்க" என்று கத்திக்கொண்டிருப்போம். நிஜமான ஸ்டிக்கை நான் முதன்முதலாகக் கையில் பிடித்தது 1973-ல், பி.யு.சி. சேர்ந்த பிறகு. ஜலந்தரில் செய்து வந்த மல்பெரி மர ஸ்டிக். அதன் கைப்பிடியை மோந்து பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இனி மைதானம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதவேண்டும், ஏனென்றால் நமது அணியின் சரித்திரமே அந்த மைதானத்தின் சரித்திரம்தான்.

கரிசல் மண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சித்திரை வைகாசியில் கல்லூரி மைதானத்தில் விழும் வெடிப்புகளில் கை முழங்கை வரை போகும். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் அதே மண் களியாகிக் காலில் அப்பை அப்பையாக ஒட்டும். ஷூ ஒன்று இரண்டு கிலோ ஆகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற நாலைந்து மாதம்தான் ஆட்டம். அதற்காக நமது மார்க்கர் தாத்தா வருஷா வருஷம் ஒரு வேள்வியே நடத்துவார். (மார்க்கர் என்றால் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். எல்லாக் கல்லூரியிலும் இருந்தார்கள்.) முதலில் வெடிப்புகளில் மணல் இட்டு அடைப்பார். மேலே வண்டி வண்டியாகச் செவல் மண்ணும் சரளும் பரப்புவார். சாயந்தரம் தண்ணீர் தெளித்து, விடிகாலையில் கல் உருளையை இழுக்கவைப்பார். இழுக்கிற மாடு நாங்கள்தான். பிராக்டிஸுக்குப் பிந்தி வருகிறவனுக்கு உருளை இரண்டு சுற்று அதிகம்.

அப்படியும் தரை மேடு பள்ளமாகத்தான் இருக்கும். பந்து நேராக வராது. சரளில் பட்டு எகிறும், பக்கவாட்டில் முறியும். அதனால் எங்கள் ஆட்டமே ஒரு தனி மாதிரி. பந்தை நிறுத்துவதில்தான் வித்தை. முழங்காலை மடக்கி, ஸ்டிக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்து, எகிறுகிற பந்தை அமுக்கிப் பிடிக்கவேண்டும். பிடித்த பின் ஸ்டிக்கை விட்டு அகலவிடாமல் உருட்டிக்கொண்டே இரண்டு பேரை ஏமாற்றி, மூன்றாவது ஆள் வரும்போது குட்டையாக ஒரு பாஸ். நீளப் பாஸ் அடித்தால் பி.டி. சார் விசில் ஊதி, "அது எங்கே போகும்னு பந்துக்கே தெரியாது, உனக்கு எப்படிலே தெரியும்?" என்பார். ஐந்து பார்வர்ட், மூன்று ஹாஃப், இரண்டு பேக், ஒரு கோல்கீப்பர் என்று நிற்போம். நான் லெஃப்ட் ஹாஃப். இடைவேளையில் ஆளுக்கொரு கடலைமிட்டாய், பானைத் தண்ணீர்.

அப்போது நாம் மதுரைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தோம். 1978-ல்தான் அது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1990-ல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்த பிறகு அதன் கீழ் போனோம். மதுரை, பாளையங்கோட்டை, நாகர்கோவில் கல்லூரிகள் நம் ஊருக்கு ஆட வந்தால் முதல் பத்து நிமிஷம் தரையைப் பார்த்துத் திகைத்துப் போவார்கள். அதற்குள் ஒரு கோல் போட்டுவிடுவோம். இதைப் பெருமையாகச் சொல்லலாமா என்று இப்போது தயக்கமாக இருக்கிறது. அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

1975 மார்ச்சில் கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பை வாங்கியது. இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை 2-1 என்று ஜெயித்தோம். அசோக்குமார் அடித்தது வெற்றி கோல். அந்த அணியில் நம் தமிழ்நாட்டு வி.ஜே. பிலிப்ஸ் இருந்தார். அவருடைய அண்ணன் வி.ஜே. பீட்டர் 1960, 64, 68 என்று மூன்று ஒலிம்பிக்ஸ் ஆடி மூன்று பதக்கமும் வாங்கியவர். அந்த வருஷம் கல்லூரியில் ஹாக்கிக்குப் பெயர் கொடுத்தவர்கள் கூட்டம் தாங்கவில்லை. எல்லாருக்கும் ஒரே நினைப்பு. ஆடினால் ரயில்வேயில் எடுப்பான், போலீஸில் எடுப்பான், பட்டாளத்தில் எடுப்பான். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற அம்மாவுக்குப் பிறந்த பையனுக்கு அதைவிடப் பெரிய கனவு எது?

அடுத்த வருஷம் ஜூலையில் மாண்ட்ரீல் ஒலிம்பிக்ஸ். நான் கடைசி வருஷம். காலையில் நூலகம் திறந்ததும் தினமணிக்குப் போட்டி. ஒரு நாள் ஆஸ்திரேலியாவிடம் ஆறுக்கு ஒன்று என்று தோற்ற செய்தி. அச்சுப் பிழை என்றே நினைத்தோம். கடைசியில் இந்தியா ஏழாவது இடம். 1928 முதல் ஒரு தடவைகூடப் பதக்கம் இல்லாமல் திரும்பாத நாடு! சாயந்தரம் பி.டி. சார் எங்களை உட்காரவைத்து, அங்கே ஆட்டம் நடந்தது புல்லில் இல்லை, நைலானில் நெய்த தரை, பாய் மாதிரி விரித்திருக்கிறார்கள் என்று விளக்கினார். ஒலிம்பிக்ஸ் ஹாக்கி செயற்கைத் தரையில் நடந்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் வாயடைத்துப்போய் இருந்தோம். மார்க்கர் தாத்தா மட்டும் பின்னால் இருந்து கேட்டார்: "பாயில எப்படி சார் கோடு போடுவாங்க?"

எல்லாரும் சிரித்தோம். தாத்தா சிரிக்கவில்லை.

இதற்கு நாற்பத்து மூன்று வருஷம் கழித்து, 2019-ல், மகன் வீட்டுக்கு மாண்ட்ரீல் போயிருந்தேன். அந்த மைதானத்தைப் பார்க்கணும் என்று அடம் பிடித்தேன். அவன் ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போகிறான் என்று பார்த்தால், ஒரு கல்லூரி மைதானத்துக்குக் கூட்டிப்போனான். மெக்கில் பல்கலைக்கழகத்தின் மோல்சன் ஸ்டேடியம். 1915-ல் திறந்தது. முதல் உலகப்போரில் செத்துப்போன பெர்சிவல் மோல்சன் என்கிற அவர்களுடைய பழைய மாணவர், பெரிய விளையாட்டு வீரர், அவர் பெயர். ஊருக்கு நடுவில் இருக்கிற மவுண்ட் ராயல் மலையின் சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்குக் கழுகுமலைப் பொட்டல் ஞாபகம் வந்தது.

அது ஹாக்கி மைதானமே இல்லை! கனடியன் ஃபுட்பால் ஆடுகிற இடம். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். பத்துக் கெஜம் முன்னேற மூன்று வாய்ப்பு. அமெரிக்காவில் என்றால் பதினோரு பேர், நாலு வாய்ப்பு. அவர்கள் தளம் 110 கெஜ நீளம், 65 கெஜ அகலம். நம்ம ஹாக்கிக்கு 100-க்கு 60. அளவெடுத்தது மாதிரி உள்ளே உட்கார்ந்துவிடும். ஒலிம்பிக்ஸுக்காக அங்கேதான் ஹாக்கியை நடத்தியிருக்கிறார்கள்.

அந்த ஃபுட்பால் அணியின் சரித்திரத்தை மகன் எடுத்துச் சொன்னான். 1874 மே 14, 15 இரண்டு நாளும் மெக்கில் பையன்கள் அமெரிக்காவில் ஹார்வர்ட் கல்லூரிக்குப் போய் ஆடியிருக்கிறார்கள். நாலு பேர் வரமுடியாமல் பதினோரு பேரே போனார்களாம். முதல் நாள் ஹார்வர்ட் விதி, உருண்டைப் பந்து, ஹார்வர்டுக்கு வெற்றி. மறுநாள் மெக்கில் விதி, முட்டைப் பந்து. கோல் இல்லாமல் சமம். ஆனால் ஹார்வர்ட் பையன்களுக்கு வந்தவர்களுடைய ஆட்டமே பிடித்துப்போய்விட்டது. அமெரிக்கன் ஃபுட்பால் என்று இன்றைக்கு உலகம் பார்க்கிற ஆட்டம் அங்கேயிருந்து கிளைத்ததுதான். மெக்கில் கேப்டன் பெயர் டேவிட் ராட்ஜர். நூற்று நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஆடிய கேப்டன் பெயரை எங்கேயோ இருந்து போன கழுகுமலைக்காரன் தெரிந்துகொள்ள முடிகிறது. நான் போன வருஷம் அவர்களுக்குள் ஒரு பெரிய விவகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. அணிக்கு 'ரெட்மென்' என்று பெயர்; அது பூர்வகுடி மக்களைப் புண்படுத்துகிறது என்று மாணவர்கள் போராடி, அந்த ஏப்ரலில்தான் கைவிட்டார்கள். அடுத்த வருஷம் 'ரெட்பேர்ட்ஸ்' ஆனது. சரித்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டிவைக்கிறார்கள், தப்பு என்று பட்டால் இறக்கவும் செய்கிறார்கள். நாம் வெள்ளையடிக்க இறக்குகிறோம்.

கம்பிக்கு வெளியே நின்று அந்தப் பச்சைத் தரையை ரொம்ப நேரம் பார்த்தேன். அந்த ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு எத்தனையோ தடவை பெயர்த்துப் புதிதாகப் போட்டிருப்பார்கள். ஆனாலும் இங்கே விரித்த பாய்தான் நம் ஊர்ப் பையன்களின் காலடியில் இருந்து தரையை உருவியது என்று நினைத்தேன். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. பாயில் பந்து நேராக, வேகமாகப் போகும். நீளப் பாஸ் அடிக்கலாம், ஓடிக்கொண்டே வாங்கலாம். அமுக்கிப் பிடிக்கிற வித்தைக்கு அங்கே வேலை இல்லை. மூச்சுக்கும் காலுக்கும்தான் வேலை. 1980-ல் மாஸ்கோவில், அதுவும் செயற்கைத் தரையில்தான், நம்ம வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினோம், உண்மை. பெரிய நாடுகள் பல அந்த வருஷம் வரவில்லை என்பதும் உண்மை. 1982-ல் டில்லி ஆசிய விளையாட்டில் நம் வீட்டு முற்றத்திலேயே விரித்த பாயில் பாகிஸ்தானிடம் 7-1. அதற்கப்புறம் ஒலிம்பிக்ஸ் பதக்கம் என்று கையில் எடுக்க 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதெல்லாம் நாட்டுக்கதை. நம் கல்லூரிக்கதைக்கு வருகிறேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் சங்கடம், ஏனென்றால் அது என் தம்பி கதை.

எங்கள் வீட்டுக் கடைக்குட்டி அவன், எனக்கும் அவனுக்கும் பதினைந்து வயசு வித்தியாசம். 1989-ல் நம் கல்லூரியில் சேர்ந்தான். ரைட் இன். நான் பார்த்த நமது அணி ஆட்டக்காரர்களில் அவனுக்கு மேல் கை சுத்தம் உள்ளவனைப் பார்த்ததில்லை. அண்ணன் சொல்கிறேன் என்று தள்ளிவிடாதீர்கள், அவனோடு ஆடினவர்கள் இந்த மலரைப் படிப்பார்கள். புதுப் பல்கலைக்கழக அணியிலும் இடம் கிடைத்தது. அங்கிருந்து வடக்கே ஒரு தேர்வு முகாமுக்குக் கூப்பிட்டார்கள். எந்த முகாம், யார் நடத்தினார்கள் என்பதெல்லாம் இப்போது எதற்கு? இரண்டு ராத்திரி ரயிலில் போய் இறங்கினான். அங்கே டர்ஃப். அவன் அதுவரை டர்ஃபைக் கண்ணால் பார்த்தது கிடையாது. தண்ணீர் விட்டு நனைத்துப் போட்டிருந்த தரையில், கான்வாஸ் ஷூவோடு ஏறினான். முதல் பாஸ் வந்தது. கரிசல் பழக்கத்தில் எகிறும் என்று ஸ்டிக்கைச் சாய்த்துக் குனிந்தான். பந்து எகிறவில்லை, அவன் நினைத்ததற்கு முன்னாலேயே வந்து கடந்து போய்விட்டது. திரும்பி ஓடப் போனவன் வழுக்கி விழுந்தான். நாலு பேர் சிரித்தார்கள். இருபது நிமிஷத்தில் "போதும்" என்று சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வந்தவன் வீட்டில் யாரோடும் பேசவில்லை. ஸ்டிக்கை மச்சில் தூக்கிப் போட்டான். பட்டம் வாங்கினான், ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதப் போனான், கல்யாணம் ஆயிற்று. ஹாக்கி என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான். தேற்றுகிறேன் என்று நான் ஒரு தடவை, "தரைதானல மாறிப்போச்சு, நீ என்ன பண்ணுவே" என்றேன். "மாறினது தரை இல்லைண்ணே, அளவுகோல்" என்றான். எண்பது தொண்ணூறுகளில் நம் கல்லூரி அணியில் ஆடிய எத்தனையோ பேருக்கு இதே கதை உண்டு என்று எனக்குத் தெரியும். ரயில்வேக்கும் போலீஸுக்கும் போனவர்களைப் பற்றி எல்லா மலரிலும் எழுதுகிறோம். இருபது நிமிஷத்தில் திரும்பியவர்களைப் பற்றி எழுதியதில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டிவிட்டேன். 1998-ல் ஆஃப்சைடு விதியையும் ஹாக்கியில் இருந்து எடுத்துவிட்டார்கள். அத்தோடு நாங்கள் கற்ற ஆட்டத்தில் பாதி புத்தகத்தோடு போயிற்று.

கோவில்பட்டிக்கே டர்ஃப் வந்தது 2010-களில்தான். கிருஷ்ணா நகரில். மாண்ட்ரீலுக்கும் கிருஷ்ணா நகருக்கும் நடுவில் ஏறத்தாழ நாற்பது வருஷம்! வந்த பிறகு என்ன ஆயிற்று என்பதைப் பார்த்தால்தான் அந்த நாற்பது வருஷத்தில் நாம் எதை இழந்தோம் என்று புரியும். அரசு விளையாட்டு விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்த அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வமும், நம்ம ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும் 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் இந்திய சீனியர் அணிக்கு முதன்முதலாக ஆடினார்கள். மே 23-ந் தேதி பாகிஸ்தானோடு முதல் ஆட்டம். ஒன்பதாவது நிமிஷத்தில் கார்த்தி கோல் போட்டான். ஆட்டம் 1-1 என்று முடிந்தது.

முடிந்த கையோடு என் போன் அடித்தது. தம்பி. முப்பது வருஷத்தில் ஹாக்கிக்காக அவன் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "பாத்தியாண்ணே?" என்றான். "பாத்தேன்." "அந்தப் பய பந்தைப் பாக்கவே இல்லைண்ணே. வரும்னு தெரிஞ்சு நிக்கான்." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு வைத்துவிட்டான்.

இப்போது அவன் வாரத்தில் இரண்டு நாள் விடிகாலையில் கிருஷ்ணா நகருக்குப் போகிறான். உள்ளே போகமாட்டான். கம்பிக்கு வெளியே டீ டம்ளரோடு நின்றுகொண்டு பிள்ளைகள் ஆடுவதைப் பார்ப்பான். நமது கல்லூரி அணியும் அங்கேதான் நேரம் வாங்கிப் பயிற்சி எடுக்கிறது. பெண்கள் அணியும் வருகிறது என்று சொன்னான். நமது பழைய மைதானத்தில் பாதி வண்டி நிறுத்துமிடம் ஆகிவிட்டது, மீதியில் ஓடைமுள் முளைத்திருக்கிறது. கல் உருளை மட்டும் வேலியோரத்தில் கிடக்கிறது. அதைத் தூக்கிப்போக யாராலும் முடியவில்லை போலும். மார்க்கர் தாத்தா காலமாகி வெகுநாள் ஆயிற்று. அவர் இருந்திருந்தால் ஒரு தடவையாவது கிருஷ்ணா நகருக்குக் கூட்டிப்போய்ப் பாயில் கோடு எப்படிப் போட்டிருக்கிறது என்று காட்டியிருப்பேன்.

தம்பிமார் கேட்ட சரித்திரத்துக்கு முதல் பக்கமாக 1976 அணியின் பட்டியலையாவது முழுசாகத் தரவேண்டும் என்று ஒரு வாரமாக எழுதி எழுதி அடிக்கிறேன். அந்த வருஷம் மண்டல இறுதி ஆட்டத்தில் நம் மைதானத்திலேயே 2-1 என்று ஜெயித்தோமே, அந்த அணி. கோல்கீப்பர் ஞாபகம் இருக்கிறது. ரைட் பேக், மூன்று ஹாஃப், ஐந்து பார்வர்ட் எல்லாம் ஊர், தெரு, அப்பா தொழில் உட்பட ஞாபகம் இருக்கிறது. பத்துப் பெயரையும் மலர்க்குழுவிடம் கொடுத்துவிட்டேன். லெஃப்ட் பேக் மட்டும் வரமாட்டேன் என்கிறது. எனக்கு நேர் பின்னால் நின்றவன். கடைசி ஐந்து நிமிஷத்தில் எங்கள் கோல் வாயில் இருந்து இரண்டு பந்தைத் தோண்டி எடுத்து வெளியே அடித்தவன். சிவப்பு ஜெர்ஸியில் இடது தோள்பட்டை கிழிந்து, அவனுடைய அக்கா வெள்ளை நூலால் தைத்துக் கொடுத்திருந்தாள். அந்தத் தையல் தெரிகிறது, முகம் தெரியவில்லை. அந்த வருஷத்து குரூப் போட்டோவின் பிரதி யார் வீட்டிலாவது இருந்தால் ரீயூனியன் அன்றைக்குக் கையோடு கொண்டுவாருங்கள். அல்லது லெஃப்ட் பேக்கே, நீ இதைப் படித்துக்கொண்டிருந்தால், வந்து உன் பெயரைச் சொல்லிவிட்டுப் போ.